மேலிருந்து மூன்றாவது

ஆகஸ்ட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கிளீவ்லாந்து. எமில் நோவாட்னியின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு காலை பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது.

ஒன்பதரைக்கு மச்சினன் செஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு கையில் செய்தித்தாள், மறு கையில் டோனட் பொட்டலம்.

எமிலின் மூக்குக் கண்ணாடி வீட்டில் கிடந்தது. அதை எடுத்துவர மனைவி இர்மா போயிருந்தாள். எனவே செஸ்டரே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றுதான் பத்திரிகையில் அமெரிக்கக் கால்பந்துக் கணிப்பு வரும் நாள். ஒரு ஆட்டம்கூடத் தொடங்காத நிலையில், முப்பத்திரண்டு அணிகளையும் ஒன்று முதல் கடைசி வரை வரிசைப்படுத்திவிடுவார்கள். எமில் அந்தப் பட்டியலை எப்போதும் கீழிருந்துதான் படிப்பார். சொந்த ஊர் அணியைத் தேட அதுதான் குறுக்கு வழி.

"மூணாவது இடம் மச்சான்" என்றார் செஸ்டர்.

"கீழேருந்தா?"

"மேலேருந்து."

எமில் தலையணையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் உடம்பு நன்றாக இருக்கும் மனிதனிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

"டாக்டரைப் பாத்தியா?"

"டாக்டரா? நான் எங்க பாத்தேன்?" என்று செஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றிருந்தது. அது எமிலுக்குத் தெரியாது.

"வலிக்குதா மச்சான்?"

முப்பது வருட உறவில் செஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஏணியிலிருந்து எமில் விழுந்த அன்றைக்கு ஏணிக்கு ஒன்றுமில்லையே என்றுதான் கேட்டார். அது அவருடைய ஏணி.

அப்போது நர்ஸ் உள்ளே வந்தாள். எமிலின் கையில் பாதி கடித்த டோனட்டும் உதட்டில் கஸ்டர்டும் இருந்தன. நேற்று வரை கஞ்சித் தண்ணீருக்கே கணக்குப் பார்த்தவள், "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எமிலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி நாள் எண்ண வேண்டியதுதான்.

அவரிடம் கொடுக்கவென்று இருந்தது ஒன்றே ஒன்று. மைதானத்தின் நட்டநடுக் கோட்டுக்கு நேராக, பன்னிரண்டாவது வரிசையில், சீசன் முழுவதற்குமான இரண்டு இருக்கைகள். அப்பா செத்தபோது தம்பி வீட்டை எடுத்துக்கொண்டான். எமில் இந்த இருக்கைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் கல்யாணத்தையே ஆட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து வைத்த ஆள். ஒன்றில் அவர் உட்காருவார். அப்பாவுடைய இருக்கையில் எமிலுடைய கோட்டு உட்காரும். இர்மா ஒரே ஒரு முறை வந்தாள். அணி தோற்றது. மறுபடி கூட்டிப்போகவில்லை.

செஸ்டர் எத்தனையோ வருடமாக ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எமிலின் கோட்டுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைத்ததில்லை.

"அந்த ரெண்டு சீட்டையும் நீயே வச்சுக்கடா."



"ஐயோ, வேணாம் மச்சான். இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார் செஸ்டர். சொல்லும்போதே மேசையிலிருந்த எமிலின் கைபேசியை எடுத்துவிட்டார்.

டிக்கெட்டுகளைப் பெயர் மாற்றுவது இந்தக் காலத்தில் பெரிய வேலை இல்லை. செஸ்டர் திரையைப் பிடித்துக்கொண்டார். எமில் கட்டைவிரலை வைத்தார். கஸ்டர்ட் ஒட்டியிருந்ததால் ஒருமுறை துடைத்துவிட்டு வைக்க வேண்டியிருந்தது.

"எங்கப்பா உக்காந்த சீட்டு. மழை பெஞ்சாலும் நடுவுல எந்திரிச்சு வரக் கூடாது."

"வர மாட்டேன் மச்சான்." செஸ்டருக்குக் குரல் கம்மியது. உண்மையாகவே கம்மியது.

எமில் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். தன்னுடைய பெருந்தன்மையில் அவருக்கே கொஞ்சம் கண் கலங்கியது. காரை நகர்த்த வேண்டுமென்று சொல்லி, செஸ்டர் வேகமாக வெளியேறினார். செய்தித்தாள் கட்டிலிலேயே கிடந்தது.

பதினோரு மணிக்கு டாக்டரும் இர்மாவும் ஒன்றாக வந்தார்கள்.

"வெறும் கொழுப்புக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். சாப்பாட்டுக்கும் தடையில்லன்னு காலையிலேயே நர்ஸ்கிட்ட சொல்லிட்டேனே."

எமில் இர்மாவின் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, செய்தித்தாளை விரித்தார்.

வழக்கப்படி கீழிருந்து தொடங்கினார். முப்பத்திரண்டில் இல்லை. முப்பதில் இல்லை. விரல் மேலே ஏறியது. இருபதைத் தாண்டியபோது வேகம் குறைந்தது. டாக்டர் விடைபெற்றுப் போனார். விரல் பத்தைத் தாண்டியது.

மூன்றில் நின்றது.

"நல்ல சேதி சொல்லிட்டுப் போறாங்க, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் இர்மா.

எமில் செஸ்டரின் எண்ணை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கிளீவ்லாந்து அணி இருபத்துநான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. எமில் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்.

கடைசி நிமிடத்தில் கேமரா ரசிகர்கள் பக்கம் திரும்பியது. பன்னிரண்டாவது வரிசையில் செஸ்டர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தபடி பக்கத்து இருக்கையில், சர்ச் விருந்துக்குச் சமைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய இர்மா.