சம்மனசுக்கு எடை இல்லை

இராஜாக்கமங்கலம் கடற்கரையின் மீன் ஏலத்துக்கு ஜின்சி ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஒவ்வொரு படகின் பெயரும் ஒரு சாவி. அன்று படகு கொண்டுவந்த மீனின் எடை அதற்குரிய மதிப்பு. எந்த ஊர்க்காரரும் தங்கள் படகுகளின் பெயர்களைக் கொடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதைப் பொதுவாக அமைத்திருந்தாள். கொடுக்காத பெயரை நிரல் ஏற்காது. கொடுத்த பெயருக்கு எடை விடுபட்டாலும் ஏற்காது.

அப்பாவோடு புயலில் காணாமல்போன படகு ‘சம்மனசு’, அதாவது வானதூதர். அதன் பெயரை மட்டும் எடுக்க மனமில்லாமல், தினமும் எடை சுழியம் என்று போட்டு வைத்திருந்தாள். அம்மா இசபெல் அவருக்கு இறந்தோர் பூசை வைக்கச் சம்மதித்ததே இல்லை. இன்று காலையில்தான், “செரி மக்கா, நாளைக்கு வச்சிருவோம்” என்றாள்.

ஜின்சி பெயரையும் சுழியத்தையும் அழித்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: ‘சம்மனசு’க்கு எடை தரப்படவில்லை.

எல்லாக் கோப்புகளிலும் தேடினாள். அந்தப் பெயர் எங்கும் இல்லை. கணினியை அணைத்து மீண்டும் போட்டாள். வரி அப்படியே நின்றது.

“என்னட்டி முழிக்க?” என்றாள் அம்மா, பூசைக்கு உடுக்கும் சேலையை மடித்தபடி.

“ஒண்ணுமில்லம்மா. பழசு ஏதோ ஒட்டிட்டு நிக்கி.”

“அப்போ சோப்புப் போட்டுக் கழுவு.” வெகு காலத்துக்குப் பிறகு அம்மா சிரித்தாள்.

கைபேசி அடித்தது. செயலியைச் சோதிப்பதற்காகத் தினமும் கரையிலிருந்து எடைகளைச் சொல்லும் ததேயுஸ் மாமா. பின்னால் வழக்கமான ஏலச் சத்தம் கேட்டது.

“ஏட்டி, எழுதிக்க. சம்மனசு. ஒங்கப்பன் கறிக்கு எடுத்தது போக, வாளை நாப்பது கிலோ. எழுதிட்டியா?”