தண்ணீர் சிதறும் சத்தம்

படப்பையில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் யாக்கோபு அண்ணன் முன்னால் என் பழைய கிட்டாரையும், நானே செய்த ஸ்பீக்கர் பெட்டியையும் வைத்தேன்.

"சர்ஃப் மியூசிக் வாசிக்கிறேண்ணா. ஒவ்வொரு தடவ மீட்டும்போதும் பின்னால கடல் தண்ணி சிதறுற மாதிரி கேக்கணும். கம்பிய மாத்திட்டேன். செகண்ட் ஹேண்டுல எக்கோ பெடலும் வாங்கிட்டேன். இன்னும் மங்கலாத்தான் கேக்குது."

"இன்னா அவசரம் பிரபு?"

"ஞாயித்துக்கெழம கோவளத்துல பேண்டுக்கு ஆள் எடுக்கறாங்க. கெடைச்சா ஒரகடம் கம்பெனியில நாள்பூரா டமால் டமால்னு தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புக்கு ஒரு கும்புடு."

அண்ணன் வாசித்துப் பார்த்தார். அவர் தலை தானாக ஆடியது.

"சும்மா சிதறுதேடா. இதுல இன்னா கொற?"

"எங்கண்ணா சிதறுது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் மஞ்சள் பஞ்சுத் துண்டுகள், ஆயிரக்கணக்கில் நெருக்கமாக ஒட்டியிருந்தன.

"உள்ள பஞ்சு வெச்சா சத்தம் சுத்தமா வரும்னாங்க," என்றேன். "கடையில வாங்க வழியில்ல. கம்பெனியில ஷிப்டுக்கு ரெண்டு தருவாங்க. நாலு வருஷமா போடாம சேத்து வெச்சேன்."

"எதுல போட தராங்க?"

"காதுலதான்."

அண்ணன் கிட்டாரை எடுத்தார். மெல்லிய கம்பியை மட்டும் திரும்ப மீட்டினார். ரோட்டில் போன ஷேர் ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நான் கம்பி நடுங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.