முதல் முழு வாக்கியம்

ஹேமலதா டீச்சர் பக்கத்து மேசை டீச்சரிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

அதுவரை தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். லக்கன் மாஞ்சி பீகாரிலிருந்து ஆம்பூர் தோல் டேனரிக்கு வேலைக்கு வந்தவன் என்றாலும், காது பழகிய தமிழ் கொஞ்சம் உண்டு. டீச்சருக்கும் அது தெரியும். அவனுக்குக் கேட்கக் கூடாதது என்பதால்தான் இங்கிலீஷுக்கு மாறினார்.

டீச்சருக்கும் லக்கனுக்கும் நடுவில் அவன் மகள் ரோஷ்னி நின்றிருந்தாள். இரண்டாம் வகுப்பு. டீச்சர் சொல்வதை அப்பாவுக்கு இந்தியில் சொல்வது அவள் வேலை.

கணக்கு பரவாயில்லை. இங்கிலீஷ் ரொம்ப மோசம். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. அப்பா சம்மதித்தால் இன்னொரு வருஷம் இரண்டாவதிலேயே இருக்கட்டும்.

ரோஷ்னி ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வாக்கியத்தில் மட்டும் குரல் கம்மியது.

அதன் பிறகுதான் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியது.

லக்கன் முதலில் பிடித்த சொல் ‘ஹெர்’.

வீட்டுக்குத் தெரியாமல் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து அவனை அதிகம் பாடுபடுத்திய சொல் அது. அவனுடைய இந்தியில் அப்பா ஆண், அதனால் ‘உஸ்கா’ என்று ஆண்பால் சொல்தான் வரும். யாருடைய அப்பா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. மகளைப் பற்றிப் பேசப்போனாலும் ‘ஹிஸ் ஃபாதர்’ என்றே வாயில் வரும்.

தோல் ஊறும் பக்கத்து டிரம்மில் வேலை பார்க்கும் மக்பூல் அகமது, சாப்பாட்டு நேரத்தில், தோலுக்குக் குறி போடும் சாக்பீஸால் சுவரில் எழுதிக் காட்டினான். “அப்பாவப் பாக்காத தோஸ்த். யாரோட அப்பான்னு பாரு.”

ஹெர் ஃபாதர். ரோஷ்னியின் அப்பா.

அடுத்து ‘டஸ்’ வந்தது.

இதற்கு இந்தியில் வார்த்தையே கிடையாது. போனில் எத்தனையோ வீடியோ பார்த்தும் இது எதற்காக வந்து நிற்கிறது என்று பிடிபடவில்லை. பேஜாராகிப் பாடத்தையே விட்டுவிட இருந்தான். ‘நாட்’ தனியாக வராது, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான் என்று மக்பூல் சொன்ன பிறகு வழிக்கு வந்தது.

இப்போது அது துணையோடுதான் வந்தது. டஸ் நாட்.

இந்தியில் வினைச்சொல் கடைசியில் வரும். நிதானமாகக் காத்திருக்கலாம். இங்கிலீஷில் அது நடுவிலேயே ஓடிப்போய்விடும், விட்டால் கிடைக்காது. லக்கன் விடவில்லை. அண்டர்ஸ்டாண்ட்.

பின்னால் வந்தது ‘எனிதிங்’.

உதடு அசையாமல் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினான்.

இவளுடைய அப்பாவுக்கு ஒன்றுமே புரியாது.

லக்கனுக்கு உடம்பு சிலிர்த்தது.

புரியாமல் ஒரு சொல்கூட மிச்சமில்லை. போனில் இருந்தோ சுவரில் இருந்தோ வந்ததல்ல, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வேகமாகச் சொன்னது. முழுசாகப் புரிந்துவிட்டது. மக்பூலிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அது தன்னைப் பற்றிய பேச்சு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அப்போதும் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை.

அப்பா ஏன் சிரிக்கிறார் என்று ரோஷ்னிக்குத் தெரியவில்லை. டீச்சர் என்ன சொன்னார் என்று அவர் கேட்பதற்கு முன்னால் அவளே இந்தியில் சொன்னாள்.

“நீ ரொம்ப உழைக்கிறேன்னு சொல்றாங்க பப்பா.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

லக்கன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் படிப்பைப் பற்றிய எந்தக் குறையையும் அவள் குறைத்துச் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னது இது ஒன்றைத்தான்.

அவன் டீச்சர் பக்கம் திரும்பினான்.

“மேடம். ஷி வில் கோ தர்ட் கிளாஸ். ஐ வில் ஹெல்ப்.”

நடுவில் ஒரு ‘டு’ வந்திருக்க வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ரோஷ்னி வாயைத் திறந்தபடி நின்றாள். ஹேமலதா டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, எதிரில் கிடந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மகளை நடுவில் வைக்காமல், சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில், அவனிடமே பேசினார். தினமும் ஒரு பக்கம் வாசிக்க வைக்க வேண்டும். புரியாததைக் குறித்து அனுப்ப வேண்டும். லக்கனுக்குப் பாதி புரிந்தது. புரியாத மீதியை வெட்கப்படாமல் திருப்பிக் கேட்டான்.

“சரி, மூணாவதுக்கே போகட்டும்” என்றார் டீச்சர் கடைசியில், தமிழில்.

வெளியே வந்து ரயில்வே கேட் வரைக்கும் நடந்தார்கள். கேட் மூடியிருந்தது. ரோஷ்னி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பப்பா, டீச்சர் அந்த மேடத்துக்கிட்ட சொன்னாங்களே. அதுவும் புரிஞ்சிதா?”

“புரிஞ்சிது.”

அவள் பிடித்த கையை விட்டாள்.

“நான் ரொம்ப உழைக்கிறேன்னு சொன்னாங்க” என்றான் லக்கன்.

ரோஷ்னி அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரயில் கடந்து முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சரியாத்தான் புரிஞ்சிருக்க” என்றாள்.