முழுசா முங்கின அச்சு

புதுசா வந்த அச்சுமுறுக்கு அச்சுக்கு அன்னைக்குத்தான் முதல் வேலை. முதல் முறுக்கு நல்லா வந்தா அடுப்படியில இடம். இல்லேன்னா அது பரணுக்குப் போகும், பழைய அச்சு கீழ இறங்கிடும்.

எண்ணெய்ல சூடேறினதும் அது கேட்டுச்சு, "ஏன் சட்டியண்ணே, என்னை மாதிரி அழகான பூவை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"நிறையப் பார்த்திருக்கேன் தம்பி. மாவுல முக்கால்வாசிதான் முங்கணும். மாவு மேல ஏறி மூடிச்சுன்னா முறுக்கு கழலாது."

"முக்காப் பூவெல்லாம் பழைய ஆளு போட்டது. நான் முழுப்பூ போடுறேன், பாருங்க."

சொல்லிட்டு, தேங்காப்பால் மாவுல தலை வரைக்கும் முங்கி, நேரா எண்ணெய்க்குள்ள இறங்குச்சு. முறுக்கு பொன்னிறமாச்சு. அச்சு ஒரு உலுக்கு உலுக்குச்சு. கழலல. இன்னும் ரெண்டு உலுக்கு உலுக்குச்சு. முறுக்கு கருகிப்போய், கடைசியில கம்பியால குத்தித் துண்டு துண்டாத்தான் எடுக்க முடிஞ்சுது.

பரண்லேர்ந்து இறங்கி வந்த பழைய அச்சு, "என்னப்பா, கழலலையாமே?"ன்னு கேட்டுச்சு.

புது அச்சு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டே பரணேறுச்சு. "உங்க முறுக்கெல்லாம் ஒரு உலுக்குக்கே உங்களை விட்டுட்டு ஓடிடுமாம். என்னுது, உசிரே போனாலும் என்னை விட்டுப் போகமாட்டேன்னுடுச்சு."