சின்னத் தட்டு உத்தரவு

ஒரு கேள்வி. தட்டு சின்னதானால் சாப்பாடு கூடுமா, குறையுமா?

குறையும் என்கிறீர்களா? அந்தப் பல்கலைக்கழக விடுதி மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

யார் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அங்கிருந்த ஓர் அம்மாவின் வேலை. ஊட்டச்சத்துப் பேராசிரியை. துணைவேந்தரானதும் அவர் போட்ட முதல் உத்தரவு: விடுதியில் பெரிய தட்டுகள் வேண்டாம், சின்னத் தட்டுகள் போதும்.

மதியம் சாப்பாட்டுக்கூடத்திலேயே மாணவர் தலைவன் அவரை மறித்துக்கொண்டான். விடுமுறைக்கு வந்திருந்த குட்டித் தங்கை அவன் விரலைப் பிடித்திருந்தாள்.

"மேடம், சத்தைப் பத்திப் பாடம் எடுத்த நீங்களே எங்க வயித்துல அடிக்கலாமா?"

"கேட்டா மறுபடி போடறாங்களே, தம்பி?"

"அதுக்கு ரெண்டு தடவை வரிசையில நிக்கணுமா? சாயங்காலம் ஆட்சிக்குழு கூடுது. தட்டு மாறலேன்னா உங்க நாற்காலி மாறும்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"மாறினா மாறட்டும். முன்னாடியும் கேட்டா மறுபடி போட்டாங்க. யாராவது போனீங்களா?"

"எப்பவாவது ஒருத்தன் போவான். 'பஞ்சம் வந்துடுச்சு டோய்'னு கத்துவோம். அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டான்." தலைவன் சிரித்தான்.

துணைவேந்தர் சிரிக்கவில்லை.

"அண்டாவுல தினம் சாப்பாடு மிஞ்சிச்சு. மருத்துவ அறையில அடிக்கடி யாராவது பசியில மயங்கிப் படுத்திருந்தாங்க. ரெண்டும் இதே விடுதியிலதான். இப்ப எல்லாருமே ரெண்டு தடவை போறீங்க. யாரைப் பார்த்து யார் கத்துவீங்க?"

சுற்றி நின்றவர்களைத் தாண்டி ஒரு முதலாண்டு மாணவி மூன்றாவது முறையாக வரிசைக்குப் போனாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருந்தாலும் மேடம்..." என்று இழுத்தான் தலைவன்.

துணைவேந்தர் சமையலறையிலிருந்து பழைய பெரிய தட்டு ஒன்றை வாங்கி வந்து, சின்னத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உனக்கு எது வேணும், பாப்பா?"

"பெருசை எடு, குட்டிம்மா," என்றான் அண்ணன்.

"அதுல சாப்பிட்டும் பசிச்சா?"

"மறுபடி போய்க் கேளு."

"வீட்டுல மறுபடி கேட்டா 'பானை வயிறு'ன்னு சிரிப்பியே, அண்ணா."

அவள் சின்னத் தட்டை எடுத்துக்கொண்டாள்.