சனிக்கிழமை டப்பா

"வாசனை மாறுது பாபி. மூடி மேல கீற கரிய எடுத்துடுங்க," என்றான் கரீமுல்லா, படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து.

ஜமீலுன்னிசா இடுக்கியால் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்திலிருந்த சட்டியில் போட்டாள். கணவர் ஷரீஃப் இறந்து இன்றோடு நாற்பது நாள். கணவனை இழந்து இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருப்பவள் அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாது. அதனால் ராயப்பேட்டைச் சந்தில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் காலையிலிருந்து ஒரு விசித்திரமான சமையல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுப்பவன் கூடத்தில், செய்கிறவள் சமையலறையில், நடுவே பழைய பச்சைப் படுதா. பாவம், கரீமுல்லாவுக்கு மூக்கு ஒன்றுதான் துணை.

ஷரீஃப் அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் பெரிய சமையல்காரராக இருந்தவர். கரீமுல்லா அவருக்குக் கீழே வேலை பார்த்தவன்; அவரை அண்ணன் என்றும் இவளைப் பாபி, அதாவது அண்ணி, என்றும் கூப்பிடுவான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஷரீஃப் கையில் ஒரு தகர டப்பா இருக்கும். டப்பாவுக்குள் உதிரி கேக். மைதாவையும் சர்க்கரையையும் வெண்ணெயில் பிசிறி அடியில் அழுத்தி, நடுவில் அன்னாசி ஜாம் தடவி, மிச்ச மாவை மேலே உதிரியாகத் தூவிச் சுட்ட பண்டம். ஜமீலுன்னிசா ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பாள். அவர் எதிரே உட்கார்ந்து கடைசித் துணுக்கு வரைக்கும் முகம் மலரப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் ஒன்று எடுங்கள் என்றால், இதைப்போல உலகத்தில் உண்டா, நான் அங்கேயே வயிறு முட்டத் தின்றுவிட்டேன் என்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் இறந்தவருக்கு எது உயிரோ அதைச் செய்து வைத்து ஓத வேண்டும். இல்லாவிட்டால் ரூஹ் என்கிற அவருடைய ஆன்மா ஏங்கிப் போகும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. ஓதுவதற்கு முன்னால் யாரும் அதை வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஓதுகிற ஹஜ்ரத் வந்துவிடுவார். முதல் தட்டு காலையிலேயே அடி தீய்ந்து போயிற்று. மிச்சமிருந்த வெண்ணெய் இந்த ஒரு தட்டுக்குத்தான் கண்டது. இதுவும் கெட்டால் அவருக்கு வைக்க ஒன்றுமில்லை.

பக்கத்து அடுப்பில் ஷரீஃபின் அக்கா ஜைதூன் பீ கிச்சடி கிளறிக்கொண்டிருந்தாள். நாத்தனார் என்று வந்துவிட்டால் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியுமா? தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே கிச்சடிதான் பிடிக்கும் என்றும், வெள்ளைக்காரப் பலகாரத்தை ஊதுபத்திக்கு முன்னால் வைத்தால் வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்றும் முணுமுணுத்தாள். ஜமீலுன்னிசா துண்டுகளை வைக்க வேண்டிய தட்டைத் துடைத்து வைத்தாள். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது? அன்னாசி நறுக்கிய விரல்கள் சிவந்து தடித்திருந்தன. அதைக் கவனிக்கவும் அவளுக்குப் பொழுதில்லை.

"இப்ப இன்னா வாசனை வருது தம்பி?"

கரீமுல்லா மூச்சை இழுத்துப் பார்த்தான். "பழம் ஓரத்துல கொதிக்குது. எறக்கிடுங்க. சூட்டோட கத்தி வெக்காதீங்க பாபி, பொலபொலன்னு போய்டும்."

இறக்கினாள். டப்பாவில் வருகிற அதே பொன்னிறம். நாற்பது நாளில் முதல் தடவையாக அவள் மனசுக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கூடவே அழுகையும் வந்தது. விசிறியால் விசிறி ஆற வைத்தாள். கத்தி வைத்தபோது ஒரு துண்டுகூட உடையவில்லை. தட்டைப் படுதாவுக்கு அடியில் மெல்ல நகர்த்திக் காட்டினாள்.

"அண்ணன் கையி அப்படியே கீது," என்றான் கரீமுல்லா.

தட்டு நிறைய அடுக்கி வைக்கப் போவதாக அவள் சொன்னாள். பிறகு ஓர் ஆசையில் கேட்டாள்: "அங்க பங்களாவுல அவரு ஒரு வேளைக்கு எத்தினி துண்டு சாப்புடுவாரு தம்பி?"

தட்டு படுதாவுக்கு அடியில் திரும்பி வந்தது.

"யாரு, அண்ணனா? நீங்க அவரு ஞாபகத்துக்குன்னு செய்றீங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். வெண்ணெயில இனிப்பு சேந்தாலே அண்ணனுக்குக் கொமட்டும் பாபி. இத்தப் பிசையறப்ப மூக்குல துணி கட்டிக்குவாரு. ஒரு துண்டு அவரு வாயில வெச்சி நான் பாத்ததில்ல. கண்ணாலம் ஆன புதுசுல ஒரு நாள் மீந்தத எடுத்தாந்து குடுத்தாராம், நல்லா கீதுன்னீங்களாம். அன்னிலேர்ந்து சனிக்கிழமையானா தொரசானி அம்மாகிட்ட கேட்டுக்கினு உங்களுக்குன்னே தனியா போடுவாரு. என் வூட்டுக்காரிக்கு இதான் உசுருடான்னுவாரு."

ஜைதூன் பீயின் கரண்டி நின்றுவிட்டது. பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

ஜமீலுன்னிசா சிவந்து தடித்திருந்த தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னாசி பட்டாலே எனக்கு நாக்கெல்லாம் தடிச்சிப் போவும் தம்பி," என்றாள். "அவருக்கு உசுராச்சே, வேணாம்னா மனசு ஒடிஞ்சிடுவாரேன்னுதான் பத்தொம்பது வருஷமா தண்ணியக் குடிச்சிக் குடிச்சி முழுங்கினேன்."