பி.டி. பீரியட்

“மிஸ், இது பி.டி. பீரியட் மிஸ்.”

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, முடிந்த அளவு பணிவாகத்தான் சொன்னான் ஹரிகிருஷ்ணன். எழுந்த வேகத்தில் முட்டி டெஸ்க்கில் இடித்துக்கொண்டது. கலைவாணி மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கரும்பலகையில் ‘நமது பள்ளியின் வரலாறு’ என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்ட பிறகுதான் பேசினாள்.

“பி.டி. கிடையாது. நாப்பதாவது ஆண்டு விழா வருது, போர்ஷன் முடியல. வெளையாடி என்ன கிழிக்கப்போறீங்க?”

அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டது போலிருந்தது ஹரிகிருஷ்ணனுக்கு. ஆனால் யோசிக்க நேரமில்லை. மைதானத்தில் ஸ்டம்பு நட்டாகிவிட்டது.

இன்று பன்னிரண்டாம் வகுப்போடு கிரிக்கெட். வருடத்துக்கு ஒரே ஆட்டம். மூன்று வருடமாகத் தொடர்ந்து தோல்வி. போன வருடம் கைக்குள் வந்து விழுந்த கேட்சை நழுவவிட்டது அவன்தான். அதற்கப்புறம் ஒரு வாரம், வராந்தாவில் அவன் நடந்தாலே பன்னிரண்டாம் வகுப்புப் பக்கமிருந்து சிரிப்பு கேட்டது. அடுத்த வாரம் தென்னாப்பிரிக்காவில் இருபது ஓவர் உலகக் கோப்பை. ஊரெல்லாம் அதே பேச்சு. இவனோ முத்தியால்பேட்டையில் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் திட்டும் வாங்கித் தயாராகியிருந்தான்.

“கெஞ்சுடா,” என்று சட்டையைப் பிடித்து இழுத்தான் பக்கத்தில் இருந்த இராமதாஸ். அணிக்கு அவன்தான் கேப்டன். “நீ வரலன்னா கீப்பிங்குக்கு நான் யாரப் புடிக்கறது?”

சும்மா எழுந்து ஓடிவிடவும் முடியாது. மிஸ் அனுப்பாமல் வகுப்பை விட்டு வெளியேறியவருக்கு அன்றைய ஆட்டத்தில் இடமில்லை. இந்தப் பள்ளியில் அது மாறாத வழக்கம்.

ஹரிகிருஷ்ணன் கெஞ்சினான். அரை மணி நேரம் போதும் என்றான். விட்டுப்போன பாடத்தை நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தான். மிஸ் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆளுக்கு ஒரு கேள்வி. சரியாகச் சொன்னவர் மைதானத்துக்குப் போகலாம்.

இராமதாஸுக்குச் சுலபமான கேள்வி வந்தது. பள்ளியை ஆரம்பித்தது பிரெஞ்சுக்கார அம்மா மதாம் விர்ஜினி என்று சொல்லிவிட்டு வாசல்வரை போனவன், நண்பனுக்காக அங்கேயே நின்றான். அடுத்தவருக்கு, முதல் வகுப்பு எங்கே நடந்தது என்ற கேள்வி. மதாம் வீட்டு மோட்டார் ஷெட்டில், ஏழே பிள்ளைகளோடு. பள்ளி மணி எங்கிருந்து வந்தது என்பதற்கு, பிள்ளைச்சாவடி மீனவர்கள் வலையில் சிக்கிய கப்பல் மணி என்று இன்னொரு குரல் சொன்னது. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன.

“ஹரிகிருஷ்ணன், ஸ்டேண்டப். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கல்லு இருக்கு. மதாம் இந்தப் பள்ளிக்குப் போட்ட முதல் விதிய அதுல செதுக்கி வெச்சிருக்காங்க. அது என்ன?”

கல்லைத் தெரியாமல் என்ன? தினமும் காலையில் வண்டியை அதை ஒட்டி நிறுத்துகிறவனே அவன்தான். அங்கேதான் நிழல் விழும். கல்லில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருக்கும். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“கால்குலஸ்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வருது. இது மட்டும் வரலயா?” என்றாள் மிஸ்.

ஜன்னலில் சிரிப்புச் சத்தம். பன்னிரண்டாம் வகுப்புக் கூட்டம், மட்டையும் கையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஹரிகிருஷ்ணனுக்குக் காது சிவந்தது. இந்த வருடம் ஆடாமலேயே தோற்றுவிடுவோம் போலிருந்தது.

முன் பெஞ்சில் இருந்தவள் கரீன். வீட்டிலும் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். அவளுக்கு அந்தக் கல் மனப்பாடம். புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, அதைத் தமிழில் முணுமுணுத்தாள். அவள் சொல்லச் சொல்ல, அர்த்தத்தைக்கூட யோசிக்காமல் அவன் உரக்க ஒப்பித்தான்.

“பிள்ளைங்க வெளையாடற நேரம் பிள்ளைங்களுக்கே சொந்தம். எந்தப் பாடத்துக்காகவும், எந்த வாத்தியாரும் அத எடுத்துக்கக் கூடாது.”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

“இன்னொரு தடவ. ஜன்னல் வரைக்கும் கேக்கணும்.”

சொன்னான். வாசலில் நின்ற இராமதாஸ்தான் முதலில் கைதட்டினான். பிறகு ஜன்னல் முழுக்கத் தட்டியது.

மிஸ் சாக்பீஸை வைத்துவிட்டு, தடுக்கிய புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தாள். அதுவரை இருந்த அதட்டல் குரலில் இல்லை.

“சார், ஜூன் மாசத்துலேருந்து எங்க பி.டி. பீரியட் ஒண்ணு விடாம கணக்குக்கு எடுத்துக்கிட்டீங்க. நாளைலேருந்து திருப்பிக் குடுத்துடறீங்களா?”

ஆசிரியர்களெல்லாம் மாணவர்களாகப் பெஞ்சில் உட்காரும் ஆசிரியர் தினத்துக்காக, அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் மிஸ்ஸாக நின்ற பன்னிரண்டாம் வகுப்புக் கலைவாணியின் முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, “சரிங்க மிஸ்” என்றார் கணக்கு ஆசிரியர் ஹரிகிருஷ்ணன். வாசலில் பி.டி. மாஸ்டர் இராமதாஸ் விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.